வாலை மட்டும் வாசிப்பவர்

அடுத்தவன் வீட்டு நாயைக் கேளாமல் தடவுகிறவர் நாய்நேசர். பரந்தன் தொடங்கி மாங்குளம் வரை, படலை திறந்து கிடக்கும் எந்த வளவிலும் தென்படுவார். சொந்தமாக நாய் வளர்ப்பதில்லை. “எங்களைக் கண்டா நாய்க்குத் தெரியும்” என்பதே இவருடைய சாத்திரம்.

நாயின் உடம்பில் இவர் அறிந்த உறுப்பு ஒன்றுதான்: வால். ஆடினால் அன்பு. விறைத்து மேலே நின்று நுனி மட்டும் துடித்தால் வெட்கம். காலுக்கிடையில் ஒடுங்கினால் மரியாதை. உண்மையில் ஆடும் வால், நாய் கிளர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். எதனால் என்று சொல்லாது. இத்தாலியில் 30 நாய்களை வைத்துச் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், வளர்த்தவரைக் கண்ட நாயின் வால் வலப்பக்கம் கூடுதலாகவும், அந்நியமான முரட்டு நாயைக் கண்டபோது இடப்பக்கம் கூடுதலாகவும் ஆடியது. இந்த வித்தியாசத்தைக் கவனிக்க நாய்க்குப் பின்னால் நிற்க வேண்டும். நாய்நேசர் நிற்பது எப்போதும் பல் இருக்கிற பக்கம்.

தடவல் உச்சந்தலையில் தொடங்கும். மேலிருந்து இறங்கும் கை பல நாய்களுக்கு அவ்வளவு பிடித்ததல்ல. நெஞ்சோ விலாவோ என்றால் பொறுத்துக்கொள்ளும். வீட்டு நாய் ரொமி தலையைத் தாழ்த்தும், நாக்கால் மூக்கை நக்கும். “பிஸ்கட் கேக்குது.” கொட்டாவி விடும். “நித்திரை வருது.” முகத்தை மறுபக்கம் திருப்பி, வெள்ளைவிழி தெரியக் கடைக்கண்ணால் பார்க்கும். “செல்லம் கொஞ்சுது.” இவை அத்தனையும் நாய்ப் பாசையில் ‘போதும்’ என்பதன் வெவ்வேறு உச்சரிப்புகள். கடைசியில் வாயை இறுக மூடிச் சிலையாக நிற்கும். “அண்ணை, கையை எடுங்கோ” என்று வீட்டுக்காரர் கத்துவது இந்த இடத்தில்தான். “நீ பேசாமல் இரு தம்பி. சுகத்தில அசையாமல் நிக்குது பார்!”

அடுத்தது கடி.

மூன்று விநாடி தடவிக் கையை எடுத்திருந்தால் விசயம் முடிந்திருக்கும். நாய் திரும்ப வந்து கையில் முட்டினால் தொடரலாம். வராவிட்டால் தேத்தண்ணியைக் குடிக்கலாம். இப்போதோ காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணித்தியாலம் கழுவ வேண்டும். கடிபட்டவர் கோப்பித்தூள் கேட்டு அடம்பிடிப்பார். அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர் வீட்டுக்காரர். பெற்றோல் அவருடையது. நாயின் தடுப்பூசி அட்டையைத் தேடுகிறவரும் அவரே. விசர்நாய்க்கடி ஊசி ஒரு நாளில் முடிகிற காரியமல்ல. குறித்த நாட்களில் திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் பின்னால் இருந்துகொண்டு, “நாயில பிழை இல்லை, வளர்ப்பில பிழை” என்று விளக்கம் வேறு.

ஆனாலும் இவரை ஒரேயடியாக வைய முடியாது. 2008 கடைசியில் போர் நெருங்கி வர, கிளிநொச்சிச் சனம் உழவு இயந்திரப் பெட்டிகளில் வெளிக்கிட்டபோது வளவுகளில் நின்றுவிட்ட நாய்களில் இவருடையதும் ஒன்று. பெட்டிக்குப் பின்னால் எவ்வளவு தூரம் ஓடிவந்தது என்பதை மட்டும் இவர் எவருக்கும் சொல்வதில்லை.

கடித்த நாயைக் கட்டிவைத்து இரண்டு கிழமை பார்க்க வேண்டும் என்பது விதி. ரொமி சங்கிலியில் கிடக்கும். நாய்நேசர் மூன்றாம் நாளே பிஸ்கட் பக்கற்றும் கையுமாகச் சமாதானம் பேச வருவார். வீட்டுக்காரர்கள் தயவுசெய்து படலையைப் பூட்டி வைக்கவும்.