மூலிகைதானே, என்ன செய்துவிடும்?

கேள்வி: வயது 52. சர்க்கரை உண்டு. ஆண்மைக்குறைவுக்கு, பஸ் ஸ்டாண்டு சுவரொட்டியில் பார்த்த மூலிகை மாத்திரையைச் சாப்பிடலாமா? மூலிகைக்குப் பக்கவிளைவு கிடையாதே!
– பெயர் வேண்டாம், திண்டுக்கல்.

பதில்: அரளியும் செடிதான் ஐயா! அமுக்கரா, பூனைக்காலி, நெருஞ்சில் எல்லாம் சித்த மருத்துவத்தில் நெடுங்காலம் புழங்குபவை. அமுக்கரா மன அழுத்தத்தைத் தணிக்கலாம் என்று சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன; அரிதாகச் சிலருக்குக் கல்லீரலையும் கெடுத்திருக்கிறது.

என் பயம் வேறு. ஒரு 'மூலிகை' மாத்திரை ஒரு மணி நேரத்தில் வேலை காட்டினால், உள்ளே இருப்பது வேராக இருக்காது, சில்டெனாஃபிலாக இருக்கலாம். 1998இல் வயாகரா என்று சந்தைக்கு வந்த அதே மருந்து. இந்தக் கலப்படம் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைப்பவர் இதையும் விழுங்கினால், ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். ஆண்மைக்குறைவுக்கு மருந்து என்னும் இத்தகைய சுவரொட்டி விளம்பரங்களை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது.

சர்க்கரை ரத்தக்குழாயையும் நரம்பையும் அரிக்கும். ஆணுறுப்பின் குழாய்கள் இதயக் குழாய்களைவிடக் குறுகியவை. அதனால் அடைப்பு முதலில் அங்கே தெரியும். உங்கள் இதயம் முன்கூட்டியே போட்ட கடிதமாகவும் இது இருக்கலாம். பிரிக்காமல் கிழித்துவிடாதீர்கள். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மூலிகைதான் வேண்டுமென்றால், பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் நாடி கொடுங்கள்; சுவரொட்டியிடம் வேண்டாம்.