கடலோரக் குடிலின் ஒற்றை ஆணி: ஒரு பன்முகப் பார்வை

முதுகுப்பையோடு தன்னந்தனியாக ஊர் சுற்றுவோர் எழுதிய பயணக் குறிப்புகளில் சூரிய அஸ்தமனம் நிறைய இருக்கிறது. அஸ்தமனம் முடிந்தபின் ஈரத்துண்டை எங்கே போட்டார்கள் என்பது மட்டும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். (எல்லா ஆய்வுக் கட்டுரைகளுக்கும் இதுதான் நோக்கம். இடைவெளிகள் எப்படியோ பிழைத்துக்கொள்கின்றன.)

ஆய்வு எல்லை: கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துக் கோகர்ணம். ஓம் கடற்கரை வரை ஆட்டோ போகும். அதற்குத் தெற்கே உள்ள ஹாஃப் மூனுக்கும் பாரடைஸுக்கும் குன்றோரமாக நடக்க வேண்டும், இல்லையேல் படகு. கொங்கண் ரயில்பாதை 1998-இல் முழுமையாகத் திறக்கப்பட்டபின் கோகர்ணா ரோடு நிலையம் வரை பையை ரயில் சுமக்கிறது. மிச்சத் தூரம் ஆய்வாளர் சுமக்க வேண்டும்.

திணை: நெய்தல். தெய்வம்: வருணன், தென்மேற்குப் பருவத்தில் அவரே நேரில் எழுந்தருளுவதால் குடில்கள் பலவும் மூடப்படும். உணவு: வாழைப்பழ பேன்கேக். யாழ்: பக்கத்துக் குடில்காரரின் கிதார். உரிப்பொருள்: இரங்கல், காரணம் தலைவன் பிரிவன்று, சிக்னல் பிரிவு.

இனி ஆணி.

ஆணி என்றதும் 2001-இல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்துக் காண்டிராக்டர் நேசமணி நினைவுக்கு வருபவர்கள் பொறுத்தருள்க. அவர் பிடுங்கலியல் மரபினர். நாம் மாட்டலியல் மரபினர். இரு மரபினரும் ஒரே கருத்தரங்கில் அமர்வதில்லை.

மூங்கிலும் ஓலையுமான குடிலில் ஒரு கட்டில், ஒரு கொசுவலை, ஓர் ஆணி. பொருள்களோ பல: துண்டு, டார்ச், சாவி, ஈரக் கால்சட்டை, பணமும் அடையாள அட்டையும் உள்ள சிறுபை. ‘முதலில் மாட்டியது கடைசியில்தான் கைக்கு வரும்’ என்பது முதல் விதி (பக்கத்துக் குடில்காரர், நேர்காணல், பல் துலக்கும்போது). ‘டார்ச்சை எடுக்கப் போனால் கால்சட்டை முகத்தில் விழும்’ என்பது இதன் கிளைவிதி (மேற்படியார், நுரை துப்பியபின் திருத்திய பதிப்பு). ‘ஆணி எதற்கு, கொசுவலைக் கயிற்றிலேயே போடலாமே’ என்பாரும் உளர். அவர் கூற்று கொள்ளத்தக்கதன்று, நள்ளிரவில் துண்டும் வலையும் சேர்ந்து அவர் மேலேயே விழுந்தமையின் (சமையற்காரத் தம்பி, ‘ஹூம்’, முதல் தொகுதி, கரண்டி ஓங்கிய நிலையில், மறுப்புக்குக் காண்க: திண்ணை நாய், வாலாட்டல், முற்றுப்பெறாதது).

ஆணியின் தொன்மைக்கு வருவோம். இவ்வூர்த் தலபுராணப்படி, சிவனிடம் பெற்ற ஆத்மலிங்கத்தோடு இலங்கைக்குப் போய்க்கொண்டிருந்தான் இராவணன். வழியில் எங்கும் அதைத் தரையில் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. இங்கே வந்ததும் பொழுது சாய்ந்தது. சந்தி செய்ய வேண்டும். சிறுவனாக வந்த பிள்ளையாரிடம் லிங்கத்தைக் கொடுத்தான். பிள்ளையார் கீழே வைத்துவிட்டார். அதுவே மகாபலேஸ்வரர்.

உரைகாரர்கள் இதில் பக்தியைக் கண்டனர், தந்திரத்தைக் கண்டனர். இராவணன் தனிப்பயணி என்பதை ஏனோ காணவில்லை. நீரில் இறங்க வேண்டும், கையில் விலைமதிப்பற்ற பொருள், பார்த்துக்கொள்ளக் கூட வந்தவர் இல்லை, முன்பின் தெரியாத ஒரு பையன் மட்டும் சிரித்துக்கொண்டு நிற்கிறான். ஓம் கடற்கரையில் இன்றும் ஒவ்வொரு தனிப்பயணியும் படும் பாடு இதுதான். நிபந்தனையை இன்னொரு முறை படிக்க: தரையில் வைக்கத்தான் கூடாது. தொங்கவிடத் தடையில்லை! ஒரு துணிப்பையும் ஓர் ஆணியும் இருந்திருந்தால் லிங்கம் இலங்கை சேர்ந்திருக்கும். ‘லிங்கத்தின் எடையை ஆணி தாங்குமா?’ என வினவின், அது எந்த வகை ஆணி என்பதைப் பொறுத்தது என்க. அது தனி முனைவர் பட்டத்துக்குரியது.

அப்பரும் சம்பந்தரும் பாடிய துளுவ நாட்டுத் தலம் இது. இங்கே அப்பர் தம் உழவாரத்தை எங்கே மாட்டினார் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நம் நண்பர் ஒருவர் கேட்டார், ஐ.எஸ்.பி.என். எண்ணோடு கூடிய தொகுப்பில், உரிய கட்டணம் செலுத்தியபின், அது கட்டுரையாகவும் வெளிவந்துவிட்டது. அதை மேற்கோள் காட்டியவர் அவர் ஒருவரே, தம் அடுத்த கட்டுரையில். அதை இங்கே நாமும் காட்டுகிறோம். நம்முடையதை அவர் காட்டுவதாக ஏற்பாடு.

ஹாஃப் மூன் பக்கம் இரண்டு ஆணி உள்ள குடில் ஒன்று இருப்பதாகக் கேள்வி. ஒற்றையாணிக் கொள்கையை அது அடியோடு தகர்க்கக் கூடும் என்பதால் களஆய்வு அவசியம். நிதிநல்கைக்கு விண்ணப்பித்திருக்கிறோம். மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டும் என்றால் குடும்பத்தோடு போகவும் தயார்.