பிகு

'பிகு' என்ற இரண்டெழுத்துக்கு வெட்கம் என்று பொருள் சொன்னால் தப்பு. வெட்கம் தானாக வரும். பிகுவைப் பண்ண வேண்டும். அதனால்தான் 'பிகு பண்ணாதே' என்கிறோம், 'வெட்கம் பண்ணாதே' என்று யாரும் சொல்வதில்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'பிகி' என்றால் இறுக்கம். நம் ஊரில் அந்த இறுக்கம் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

நவராத்திரிக் கொலுவில் பாருங்கள். "மாமி, ஒரு பாட்டு!" "ஐயோ, தொண்டை கட்டியிருக்கே." இன்னொரு தடவை கேட்டால், "பாடி ரொம்ப நாளாச்சு." மூன்றாவது தடவை கேட்பதற்குள் மாமியின் கைபேசியில் சுருதிப்பெட்டி ஒலிக்கத் தொடங்கியிருக்கும். அப்புறம் நிறுத்தச் சொல்லத்தான் ஆள் தேட வேண்டும். பந்தியில் இலைமேல் கையை விரித்து "போதும், போதும்" என்பவரின் விரலிடுக்கு, ஜாங்கிரி நுழையும் அளவுக்குத் திறந்தே இருக்கும். தேர்தல் சீட்டுக்கும் இதே கணக்கு: 'தொண்டர்கள் வற்புறுத்தியதால்.'

ஒரே ஆபத்து, முதல் மறுப்பையே நம்பிவிடும் அப்பாவிகள். போன வாரம் ஒரு வீட்டில், "காபியெல்லாம் எதுக்கு?" என்று பிகு பண்ணினேன். "சரி" என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

தயவுசெய்து, இரண்டு தடவையாவது கேளுங்கள்.