கண்டக்டர் சைடு கண்ணாடி

ஹைதராபாத் பாறைகளுக்கு ஏறக்குறைய 250 கோடி வயது என்கிறார்கள் புவியியல்காரர்கள். எங்கள் சான்ட்ரோவுக்கு 15. போன வருஷம் ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இந்த இரண்டும் சந்தித்துக்கொண்டன. பெரியவர் சும்மா ஒரு தட்டுத் தட்டினார். சின்னவருடைய பின் கதவுக் கண்ணாடி போய்விட்டது.

நாங்கள் இருப்பது செகந்திராபாத் பத்மாராவ் நகரில். ஸ்கந்தகிரி முருகன் கோயில் மணி காதில் விழும் தூரம். மழைக்கு அபார்ட்மென்ட் காம்பவுண்டில் புல் முழங்கால் வரை வளர்ந்துவிட்டது என்று அசோசியேஷன் ஒரு பையனை மெஷினோடு வரவழைத்தது. நீளக் குழாய், நுனியில் நைலான் நரம்பு, தோளில் மாட்டிக்கொண்டு 'ஙொய்' என்று சுற்றும் வகை. அது புல்லை வெட்டும்; கல்லைக் கண்டால் கிரிக்கெட் ஆடும். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லுக்கல். குதுப் ஷாஹிகளையும் நிஜாம்களையும் பார்த்துவிட்டு, யாரையும் எதுவும் சொல்லாமல் கிடந்த கல். அது எழும்பி வந்து என் காரில்தான் உட்காருவேன் என்றது.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை. 'டப்' என்று ஒரு அப்பளம் உடைகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கண்ணாடி அதன் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. ஆனால் முழுக்க வெளுத்துப்போய், பனி படர்ந்த மாதிரி. பரவாயில்லை, தாங்கிக்கொண்டது என்று நினைத்து ஆசையாகக் கதவைத் திறந்தேன். அதற்காகவே காத்திருந்ததுபோல மொத்தமும் சரசரவென்று என் காலடியில் கொட்டியது. ஒரு படி டைமண்ட் கற்கண்டு.

பையன் மெஷினை அணைத்துவிட்டு வந்து, கல்லைத் தேடி எடுத்து என்னிடமே காட்டினான். "ராயி தகிலிந்தி சார், நேனு காது." கல் பட்டது, நான் இல்லை. இவ்வளவு சுத்தமான வாதத்தை நான் எந்த வக்கீல் வாயிலும் கேட்டதில்லை. செகரட்டரி வந்தார், பார்த்தார், கல்லைக் கையில் வாங்கி எடை பார்த்தார். அடுத்த ஜெனரல் பாடியில் வைப்போம் என்றார். கல்லைத்தான் வைக்கப்போகிறாரோ என்று ஒரு கணம் தோன்றியது. மேலேயிருந்து எட்டிப் பார்த்த அம்மா மட்டும் சந்தோஷமாக இருந்தாள்.

"கண்ணாடியோட போச்சேன்னு நினைச்சுக்கோடா. ஆர்.சி. புதுப்பிச்ச கையோட திருஷ்டி சுத்திப் போடச் சொன்னேன், கேட்டியா?"

இந்த இடத்தில் கற்கண்டைப் பற்றி இரண்டு வார்த்தை. காரின் முன் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. அடிபட்டால் சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்டு நிற்கும், உதிராது. பக்கக் கண்ணாடியின் சங்கதி வேறு. அதை 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி, சட்டென்று இரு பக்கமும் காற்றடித்து ஆற வைக்கிறார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது மெதுவாக ஆறிச் சுருங்கப் பார்க்கும்; இறுகிப்போன தோல் விடாது. ஆக வெளியே நெரிசல், உள்ளே இழுபறி. அந்த மல்லுக்கட்டில்தான் அதன் பலமே இருக்கிறது. உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாலும் ஒன்றும் ஆகாது. கூர்மையான ஒரு முனை மட்டும் தோலைத் தாண்டி உள்ளே போய்விட்டால், அத்தனை இழுபறியும் ஒரே நொடியில் அவிழ்ந்து ஆயிரம் துண்டாகிவிடும். எங்கள் அசோசியேஷனும் ஏறக்குறைய இதே முறையில் தயாரானதுதான். தண்ணீர் டேங்கர் கணக்கு என்று யாராவது ஒரு கூர் முனையை வைத்தால் போதும்.

1874-ல் ராயர் த லா பாஸ்தி என்ற பிரெஞ்சுக்காரர் இந்த வித்தைக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் காற்றடிக்கவில்லை; காய்ந்த கண்ணாடியைச் சூடான எண்ணெயில் முக்கி எடுத்தார். வடை சுடுகிற எந்தப் பாட்டியும் அவருக்கு ஆலோசனை சொல்லியிருக்கலாம். உடையும்போது கத்தி மாதிரி நீளமாக இல்லாமல் மழுங்கின துண்டுகளாக உதிர்வது நம் கழுத்தைக் காப்பாற்றத்தான். அதெல்லாம் சரி. கழுத்து தப்பியது, கம்பளம் தப்பவில்லை. துடைப்பம், வாக்குவம் கிளீனர், கடைசியில் ஈரக் கோதுமை மாவு உருண்டை வரை போட்டு ஒற்றியும் சீட்டின் இடுக்கிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

மூன்றாவது மாடி மாமா இன்சூரன்ஸ் கேட்கச் சொன்னார். "கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டான் தெரியுமோ? முழுசாக் குடுப்பான்." உண்மைதான். ரப்பர், பிளாஸ்டிக் என்றால் பாதியைக் கழித்துக்கொள்கிறவர்கள் கண்ணாடிக்கு எதுவும் கழிப்பதில்லை. ஆனால் 1500 சிசிக்குள் இருக்கிற கார் என்றால் எந்த கிளெய்மிலும் முதல் 1000 ரூபாய் நம் கைக்காசு. அதோடு, பல வருஷமாக எதையும் இடிக்காமல் ஓட்டிச் சேர்த்து வைத்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் அடுத்த வருஷம் பூஜ்யம். கண்ணாடியும் கூலியும் சேர்ந்து 1250 என்று வைத்தால், 250 ரூபாய் வாங்குவதற்காக என் ஒழுக்கத்தின் மொத்தச் சேமிப்பையும் விட வேண்டும். மாமா கணக்கைக் கேட்டுவிட்டு, "அப்ப ஃபிரேம் கடையில குடுத்து வெட்டிப் போட்டுடேன்" என்றார். சாமி படத்துக்குக் கண்ணாடி வெட்டுகிற மாதிரி! இந்தக் கண்ணாடியில் வைரக்கத்தி பட்டால் மறுபடியும் கற்கண்டுதான். வெட்ட வேண்டியது, வளைக்க வேண்டியது எல்லாம் காய்ச்சுவதோடு முடித்துவிட வேண்டும். அப்புறம் கை வைக்க முடியாது. மாமாவிடம் இதை விளக்கினேன். அவர் வருத்தப்பட்டது மாதிரி தெரிந்தது. சாமி படம் ஒன்று அவரிடம் ரொம்ப நாளாகக் காத்திருக்கிறதாம்.

அன்று சாயங்காலமே மழை. ஜன்னலுக்கு 25 கிலோ சோனா மசூரி அரிசிப் பையைப் பிரித்து வைத்து பிரவுன் டேப் ஒட்டினேன். இது தப்பு. ஏன் என்றால், டேப்பை உரிக்கும்போது பெயின்டும் வரும். எனக்கு அப்போது தெரியாது. மறுநாள் டேங்க் பண்ட் மேல் போகும்போது ஹுசேன் சாகர் காற்று அந்தப் பைக்குள் புகுந்துகொண்டு கல்யாண வீட்டுத் தவில் வாசித்தது. பின் சீட்டில் இடது பக்கம் அம்மாவின் நிரந்தர இடம். அவள் ஒரு கையால் பையையும் மறு கையால் காதையும் பிடித்துக்கொண்டு வந்தாள். சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோக்காரர் பையைப் படித்துப் பார்த்துவிட்டு, கிலோ என்ன விலை என்று கேட்டார். கேலி செய்கிற முகமாகவும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ராணிகஞ்ச் போனேன். காரில் அல்ல. ராணிகஞ்சில் கார் நிறுத்த இடம் தேடுவதைவிட சான்ட்ரோ கண்ணாடி தேடுவது சுலபம். நட்டு, போல்ட், பேரிங், பெல்ட், மோட்டார் என்று வரிசையாகக் கடைகள். ஒரு முழுக் காரை உதிரியாக வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்குப் போய்விடலாம். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர் இரானி சாயாவை சாஸரில் ஊற்றி உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"கௌன்ஸா ஷீஷா ஹோனா?"

இந்த 'ஹோனா' எனக்குப் பிடிக்கும். டில்லிக்காரன் 'சாஹியே' என்று கேட்பதை இங்கே 'ஹோனா' என்கிறார்கள். அச்சு அசல் நம் 'வேணும்'தான், தக்கனி உருது வேஷத்தில். 20 வருஷம் இந்த ஊரில் இருந்தும் என் உருது இந்த ஒரு சொல்லின் தைரியத்தில்தான் நடமாடுகிறது. தெலுங்கில் கேட்டிருக்கலாம். ஆனால் தெலுங்கில் 'அத்தம்' என்றால் ஜன்னல் கண்ணாடியும் அதுதான், முகம் பார்க்கிறதும் அதுதான். முந்தின நாள் ஒரு மெக்கானிக்கிடம் 'வெனக அத்தம்' போய்விட்டது என்று சொல்லப்போய், அவர் டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியை ஆட்டிப் பார்த்துவிட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்றார். நாம் அதில் குறை சொல்ல முடியாது. நமக்கு மூக்கில் மாட்டுவதும் கண்ணாடிதானே.

முதல் இரண்டு கடையிலும் சரக்கு இல்லை. ஒருவர், கடைசிப் பீஸ் 'பர்ஸோ'தான் போச்சு என்று கையை விரித்தார். பர்ஸோ என்றால் முந்தாநாள் என்பது மற்ற ஊர்க்காரர்களின் அகராதி. ஹைதராபாத்தில் பர்ஸோ என்றால் முந்தாநாளாக இருக்கலாம், போன ரம்ஜானாக இருக்கலாம், நிஜாம் காலமாகவும் இருக்கலாம். விசாரித்ததில் ஆறு மாசத்துக்கு முந்தின பர்ஸோ என்று தெரிந்தது.

சாயா பெரியவரிடம் இருந்தது. பரணில் ஏறின பையன் கீழே பார்த்துக் கேட்டான்: "லெஃப்ட்டா, ரைட்டா?"

நான் கண்ணை மூடினேன். எங்கள் பார்க்கிங் தெரிந்தது. கார் மூக்கை வெளியே நீட்டி நிற்கிறது. நான் அதன் எதிரே நிற்கிறேன். அரிசிப் பை என் வலது கைப் பக்கம் ஆடுகிறது. "ரைட்" என்றேன், சத்தியம் பண்ணுகிற குரலில்.

850 ரூபாய். பேப்பரில் சுற்றி, குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினேன். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு அதன் மூலையில் அச்சடித்திருந்த ஜாதகத்தைப் படித்துக்கொண்டே வந்தேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை, கம்பெனி பேர், ஒரு எண், சில புள்ளிகள். எண் பிறந்த வருஷம், புள்ளிகள் மாதம். கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த கார் இது. 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்ததும் அங்கிருந்துதான். ஷாருக் கான் விளம்பரத்தில் விற்ற தமிழ்நாட்டுக் கார், ஆந்திரா வழியாக வந்து தெலங்கானாவில் அடிபட்டிருக்கிறது.

முஷீராபாத் பக்கம் சாலையோரத்தில் கதவு வேலை செய்கிற தம்பி ஒருவர் உண்டு. கை, வாய் இரண்டும் வேகம். ஒரு அழுக்குத் துணியைக் கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்குப் பின்னால் விட்டு, செருப்பு பாலிஷ் போடுகிற மாதிரி இரண்டு இழுப்பு இழுத்தார். உள்ளே மாட்டியிருந்த லாட வடிவக் கிளிப் டிங் என்று தெறித்து எங்கேயோ போனது. கைப்பிடி கையோடு வந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தை நான் 15 வருஷமாக ஸ்க்ரூ டிரைவரால் சாதிக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறேன். அப்புறம் டோர் பேட், அதன் பின்னால் ஒட்டியிருந்த பாலிதீன் தாள். கதவின் வயிற்றில் கையை விட்டுக் கற்கண்டை அள்ளி வெளியே போட்டார். ஒரு சொம்பு இருக்கும். கூடவே 2013-ல் என் பையன் தொலைத்ததாக அழுத ஒரு போகிமான் அட்டையும் வந்தது.

பீடிங்கில் சோப்புத் தண்ணீர் தடவி, புதுக் கண்ணாடியை இறக்கினார். இறங்கவில்லை. எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அன்னா, இது டிரைவர் சைடு. உங்களுக்குப் போனது கண்டக்டர் சைடு."

திருப்பிப் போட முடியாதா என்று கேட்டேன். கேட்டதும்தான் அபத்தம் புரிந்தது. கண்ணாடி தட்டை அல்ல, வெளிப்பக்கம் லேசாக வளைந்தது. திருப்பினால் வளைவு உள்ளே போகும். அவர் பொறுமையாகத் தன் இடது கால் செருப்பைக் கழற்றி வலது காலில் மாட்டிக் காட்டினார். நடுத்தெருவில், எதுவும் பேசாமல்.

டிரைவர் சைடு, கண்டக்டர் சைடு! மெக்கானிக்குகள் வாயில் வரும் சொற்களிலேயே உருப்படியானவை இவைதான். எந்தப் பக்கம் நின்றாலும், தலைகீழாக நின்றாலும் மாறாது. ராணிகஞ்சுப் பையன் அப்படிக் கேட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். எங்கள் காரில் கண்டக்டர் யார் என்பதில் வீட்டில் எவருக்கும் சந்தேகம் இல்லை. பின் சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்து, "நிறுத்து, காய்கறிக்காரி நிக்கிறா", "போகலாம், ரைட்" என்று சொல்லிக்கொண்டு வருகிறாளே, அவள்தான்.

மறுபடி ராணிகஞ்ச். பில்லின் அடியில் விற்ற சரக்கு வாபஸ் கிடையாது என்று மூன்று மொழியில் அச்சடித்திருந்தது. மூன்றிலும் எனக்குப் புரிந்தது. பெரியவர் சாயாவை வைத்துவிட்டு எனக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ரக்கோ சாப், காம் ஆத்தா." வெச்சுக்கோங்க, உதவும். இன்னொரு 850 கொடுத்து கண்டக்டர் சைடை வாங்கினேன். தம்பி பத்தே நிமிஷத்தில் மாட்டினார். தெறித்துப்போன கிளிப்பைத் தேட 20 நிமிஷம் ஆனது. அவருடைய சட்டைப் பைக்குள்தான் விழுந்திருந்தது. கூலி 400.

புதுக் கண்ணாடி மற்ற மூன்றையும்விட ஒரு சாயல் பச்சை குறைவு. யாரும் கவனிக்கவில்லை. அம்மா மட்டும், இந்தப் பக்கம் கத்திரிக்காய் புதுசாத் தெரியறதுடா என்கிறாள். ஜெனரல் பாடியில் என் விஷயம் ஏழாவது அஜெண்டா. நான்காவதிலேயே மீட்டிங் உடைந்துவிட்டது.

பழைய சான்ட்ரோ ஜிங் வைத்திருப்பவர்கள் செகந்திராபாத் பக்கம் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை. டிரைவர் சைடு பின் கதவுக் கண்ணாடி, சுற்றி வந்த பேப்பரோடு, எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. 850-க்கு வாங்கியது, 600-க்குத் தருகிறேன். வருவதற்கு முன்னால் காரின் உள்ளே உட்கார்ந்து பார்த்து, எந்தப் பக்கம் என்று உறுதி செய்துகொண்டு வாருங்கள். வாபஸ் கிடையாது.