பஃபே ஆறுவதற்குள் துபாயில் ஒரு ஃப்ளாட்

தாம்பரத்தில் கற்றுக்கொண்டதையெல்லாம் முதலில் மறந்துவிடுங்கள். அங்கே அரை கிரவுண்டு வாங்க நீங்கள் தாய்ப்பத்திரம் கேட்டீர்கள், முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்கள், பட்டாவில் சர்வே எண் சரியா என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தீர்கள். மாமனாருக்குத் தெரிந்த வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்கினீர்கள். அதுவும் போதாமல், மழை விட்ட மறுநாள் போய் எதிர்வீட்டுப் பாட்டியிடம் "இங்க தண்ணி நிக்குமாம்மா?" என்று விசாரித்தீர்கள். இப்படியெல்லாம் அலைந்தால் துபாயில் வீடு வாங்கவே முடியாது. அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும், சென்னையில் துபாய் வீடுகளை விற்கும் கண்காட்சி நடக்கிற ஒரு நட்சத்திர ஹோட்டல் ஹாலும், காலி வயிறும் போதும்.

ஹாலுக்குள் நுழைந்ததும் நேராக மாடல் இருக்கும் மேஜைக்குப் போங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் முழங்கை உயரத்தில் உங்கள் கோபுரம் நிற்கும், ஜன்னலுக்கு ஜன்னல் குட்டி விளக்கோடு. ஓரத்தில் நீலக் கண்ணாடித் தகடு ஒட்டியிருப்பார்கள், அதுதான் கடல். கோபுரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே பச்சைத் தூள் தூவிய வெறும் இடம் ஒன்று இருக்கும், அதில் ஒரு பொம்மைப் பெண் பொம்மை நாயோடு நடந்துகொண்டிருப்பாள். அந்த இடம் யாருடையது, நாளை அங்கே என்ன எழும்பும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் "அது ஃபேஸ் த்ரீ சார்" என்று பதில் வரும், உங்கள் சீ வியூ அந்த நிமிஷமே போய்விடும்.

இடம் எங்கே என்று கேட்கலாம், தப்பில்லை. "புது ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல சார், பத்து நிமிஷம்" என்பார் ஏஜெண்ட். வரப்போகும் பரந்தூர் விமான நிலையத்தின் பெயரைச் சொல்லி மனை விற்பவரிடம் இதே வாக்கியத்தைக் கேட்டபோது நீங்கள் சிரித்தீர்கள். இங்கே சிரிக்காதீர்கள், அவர் கோட் போட்டிருக்கிறார்.

அடுத்து சலுகை. "இன்னைக்கு புக் பண்ணினா டிஎல்டி ஃபீ நாங்களே கட்டிடறோம்." டிஎல்டி என்பது துபாய் நிலத் துறை. அங்கே பதிவுக் கட்டணம் விலையில் 4%, நடைமுறையில் அதை வாங்குபவர் தலையில்தான் கட்டுவார்கள். விற்பவர் ஏன் திடீரென்று அதைத் தானமாகத் தருகிறார், அந்த 4% விலைக்குள்ளேயே ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்று பக்கத்துக் கட்டடத்தின் சதுர அடி விலையோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஆகவே ஒப்பிடாதீர்கள். வீட்டம்மா மட்டும் "இதே ஏரியால கட்டி முடிச்ச வீடு என்ன விலைங்க?" என்று கேட்பார். அவரை டெசர்ட் பக்கம் அனுப்பிவைப்பது நல்லது.

துபாய் அரசாங்கம் வேறு குறுக்கே நிற்கிறது. 2008இல் விலை சரிந்து, பாதியில் நின்ற கோபுரங்களுக்கு முன்பணம் கட்டியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்ற ஊர் அது. அதற்குச் சற்று முன்னால்தான், 2007இல், எஸ்க்ரோ சட்டம் வந்திருந்தது. கட்டி முடிக்காத வீட்டுக்கு நீங்கள் கட்டும் பணம் அந்தத் திட்டத்துக்கென்றே திறந்த கணக்கில்தான் போக வேண்டும், கட்டுமானம் ஏற ஏறத்தான் கட்டும் கம்பெனி அதிலிருந்து எடுக்கலாம். போதாததற்கு 'துபாய் ரெஸ்ட்' என்று ஒரு செயலியும் விட்டிருக்கிறார்கள். திட்டம் பதிவாகியிருக்கிறதா, எத்தனை சதவீதம் எழும்பியிருக்கிறது, எதிரே உட்கார்ந்திருக்கும் ஏஜெண்டுக்கு லைசென்ஸ் உண்டா என்பதையெல்லாம் போனிலேயே பார்த்துவிடலாம். அதை இறக்க ஆகும் நேரத்தில் பன்னீர் டிக்கா தீர்ந்துவிடும். நமக்கெதற்கு.

அட்வான்ஸ் எப்படித் தருவது? கார்டைத் தேய்த்துவிடுங்கள் என்று கருவியை நீட்டுவார்கள். இன்னும் அன்பானவர்கள், இங்கே ரொக்கமாகக் கொடுங்கள், அங்கே சேர்ந்துவிடும் என்பார்கள். இரண்டையும் உடனே ஏற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் ஒருநாள் அமலாக்கத் துறையின் கடிதம் வரும்போது தபால்காரருக்கும் உங்களுக்கும் நல்ல பழக்கம் ஏற்பட்டுவிடும். இந்தியாவில் வசிப்பவர் வங்கி வழியாக, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்ஆர்எஸ் வரம்புக்குள் அனுப்புவதுதான் முறை. தலைக்கு, நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று அமீரகத்தில் நிலையாகக் கட்டிவைத்திருப்பதால் அது சுமார் 9.18 லட்சம் திர்ஹாம். 10 லட்சம் திர்ஹாம் ஃப்ளாட்டை ஒருவர் ஒரே நிதியாண்டில் முழுப்பணம் கட்டி வாங்க முடியாது என்பதை ஹாலில் யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டம்மாவையும் உரிமையாளராகச் சேர்த்தால் அவருடைய வரம்பும் கூடும், ஆனால் அவரைத்தான் டெசர்ட் பக்கம் அனுப்பிவிட்டோமே.

அனுப்பும் தொகை ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20% டிசிஎஸ் என்ற முன்வரியை வங்கியிலேயே பிடிப்பார்கள். 60 லட்சம் அனுப்பினால் கூடுதலாக 10 லட்சம் எடுத்துவைக்க வேண்டும். வரிக் கணக்கில் அது வரவாகிவிடும், சந்தேகமில்லை. ஆனால் ரிட்டர்ன் போட்டு, அது தேறி வரும் வரை வேறு எங்கேயாவது புரட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது வருமானம். "எட்டு பர்சென்ட் ரிட்டர்ன், டேக்ஸ் ஃப்ரீ" என்று பளபளக் காகிதத்தில் போட்டிருக்கும். 10 லட்சம் திர்ஹாம் வீட்டுக்கு எட்டு சதவீதம் என்றால் வருஷம் 80,000. இதோடு கால்குலேட்டரை மூடிவிடுவது உத்தமம். மூடாதவர்களுக்கு: பதிவுக் கட்டணம் 40,000, ஆக முதல் ஆறு மாத வாடகை அதற்கே சரி. பிறகு சர்வீஸ் சார்ஜ். சதுர அடிக்கு இத்தனை என்று வருஷாவருஷம் வரும். 16 திர்ஹாம் என்று வைத்தால் 750 சதுர அடிக்கு 12,000. அந்த 750இல் பால்கனியும் சேர்த்தி, நீங்கள் துணி காயப்போடும் இடத்துக்கும் சேர்த்துத்தான் லிஃப்டுக்குப் பணம் கட்டுவீர்கள். வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு 5% என்றால் 4,000. ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் இன்னொரு ஆறாயிரத்துச் சொச்சம். பல கட்டடங்களில் ஏசி குளிர்ச்சி மொத்தமாகக் குழாயில் வரும், அதற்கு வீடு பூட்டிக்கிடந்தாலும் மாதக் கட்டணம் ஓடும். எட்டு எப்போது ஐந்தரையானது என்று உங்களுக்கே தெரியாது.

டேக்ஸ் ஃப்ரீ என்பது பொய்யில்லை. துபாய் வாடகைக்கு வருமான வரி போடாது. இந்தியாவில் குடியிருப்பவரின் உலக வருமானத்துக்கெல்லாம் வரி போடுவது இந்தியா. 30% நிலைக்கழிவு போக மீதி உங்கள் ஸ்லாபில் சேரும். இதைப் பற்றி ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசாதீர்கள், அவருக்கும் ஒரு அதிர்ச்சி வேண்டாமா? ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கென்று இருக்கும் எஃப்ஏ அட்டவணையை "வாடகையே வரலை, அப்புறம் என்ன" என்று காலியாக விட்டுவிடுங்கள். 2015இல் வந்த கறுப்புப் பணச் சட்டத்தில் அதற்கு 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமிருக்கிறது. வீட்டை விட அபராதம்தான் சீக்கிரம் கைக்கு வரும் போலிருக்கிறது.

தவணை நடுவில் முட்டினால் கவலை வேண்டாம், "விட்டுட்டு வந்துடலாம்" என்று மைத்துனர் சொல்வார். கட்டடம் 60% எழும்பிய பிறகு நீங்கள் நின்றுபோனால், ஒப்பந்தத்தை ரத்துசெய்து விலையில் 40% வரை கம்பெனி வைத்துக்கொள்ளத் துபாய் சட்டம் இடம் தருகிறது. கட்டிய பணத்தில் 40% இல்லை, வீட்டின் விலையில். மைத்துனர் இதைப் படித்திருக்க மாட்டார்.

கோல்டன் விசாவைச் சொல்லாமல் எந்த ஏஜெண்டும் உங்களை அனுப்பமாட்டார். பத்து வருஷ விசா, சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும். சொத்து வழியில் அதற்குக் கேட்கப்படுவது 20 லட்சம் திர்ஹாம். நீங்கள் புக் செய்தது அதில் பாதி. "இன்னொண்ணு சேர்த்துப் போட்டுடலாமா சார்?" என்று அவர் பேனாவைத் திறப்பார்.

கடைசியாக, விற்பது. சாவி வாங்கும் முன்பே லாபத்துக்குக் கைமாற்றிவிடலாம் என்றுதானே கணக்கு? அதற்குக் கம்பெனியிடம் தடையில்லாச் சான்று வேண்டும். விலையில் இத்தனை சதவீதம் கட்டியிருந்தால்தான் தருவோம் என்று ஒப்பந்தத்தில், நீங்கள் கையெழுத்து மட்டும் போட்ட ஒரு பக்கத்தில், இருக்கும். அதையும் கட்டிவிட்டு வந்து பார்த்தால், அதே கம்பெனி பக்கத்து மனையில் புதுக் கோபுரம் விற்றுக்கொண்டிருக்கும், மாதம் 1% தவணையில். நீங்களோ மொத்தப் பணத்தையும் ஒரே காசோலையாகக் கேட்கிறீர்கள். விலையைக் குறைக்கலாமா என்று ஏஜெண்டிடம் நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை, அவரே ஆரம்பிப்பார்.