காலாப்பட்டும் கல்லாப்பெட்டியும்

வாடா மாப்ளே, ஒக்காரு. ஒன் பேக்கரியில ஆள் தேவைன்னு போர்டு தொங்கி மாசக்கணக்கா ஆவுதாம். முந்தாநாள் ஒரு பையன் வந்தானாம். அடுப்பு வேலை, மாவு பெசையற வேலை எல்லாம் அத்துப்படியாம். "அண்ணே, அடிதடி கேஸுல ரெண்டு வருஷம் காலாப்பட்டு ஜெயில்ல இருந்துட்டு வந்தேன்"னு அவனே வாயால சொன்னானாம். நீயும் "போன் பண்றேன்"னு அனுப்பி வச்சிட்டியாம். ஒங்கம்மா சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறா. என் மருமவன் இவ்ளோ உஷாரான்னு எனக்கும் புல்லரிச்சிப்போச்சி.

சரியாத்தான் செஞ்சே. உண்மையச் சொல்றவன கடையில வச்சா, நாளைக்கு வர்ற கிராக்கிகிட்டயும் "இது நேத்து போட்ட பன்னு"ன்னு சொல்லிப்புடுவான். யாவாரம் என்னாவறது? அவனும் இந்நேரம் புத்தி தெளிஞ்சிருப்பான். அடுத்த கடையில போயி "ரெண்டு வருஷம் துபாய்ல இருந்தேன்"னு சொல்லுவான், ஒடனே வேலை கெடைக்கும்.

போன வருஷம் ஒருத்தன் வச்சிருந்தியே, சர்டிபிகேட்டையெல்லாம் லேமினேஷன் பண்ணி எடுத்தாந்தவன். மேல ஒரு கேஸு கெடையாது. கிறிஸ்மஸ் கேக்குக்கு வந்த ஆர்டர் பணத்தோட பஸ் ஏறிட்டான். வெளிய தெரிஞ்சா மானம் போவும்னு நீயும் போலீசுக்குப் போவல. அதனால இன்னிக்கும் அவன் மேல கேஸு கெடையாது. இந்நேரம் எவனோ ஒருத்தன் அவன நல்லவன்னு நம்பி கல்லாவுல ஒக்கார வச்சிருப்பான். மாட்டிக்கிட்டவன் மூஞ்சி ஊருக்கே தெரியுது. மாட்டாதவன் ஒன் கடையில சம்பளம் வாங்கிட்டுப் போனான். நீ எவனப் பாத்துடா பயப்படறே?

நம்ம பாண்டிச்சேரியே யாரு புண்ணியத்துல பொழைக்குது, யோசிச்சிப் பாத்தியா? 1908-ல பாரதி வந்தாரு, 1910-ல அரவிந்தர் வந்தாரு. ரெண்டு பேரு பின்னாலயும் வெள்ளைக்காரன் போலீசு. அரவிந்தர் அலிப்பூர் ஜெயில்ல ஒரு வருஷம் கெடந்து, விடுதலையாகி, அப்புறம் வந்தவரு. வீடு குடுத்தவங்க ஒன்னாட்டம் போலீஸ் வெரிபிகேஷன் கேட்டிருந்தா, ஆசிரமமும் இருந்திருக்காது, அதப் பாக்க வர்ற கூட்டமும் இருந்திருக்காது. ஒன் குரோசான் விக்கறதே அந்தக் கூட்டத்தாலதான். அவங்க கேஸு தேசத்துக்கு, இவன் கேஸு தெருச் சண்டைக்குன்னு சொல்லுவே. வாஸ்தவம். அதுக்காக நான் என்ன அவனுக்கு செலையா வைக்கச் சொல்றேன்? அடுப்புகிட்ட நிக்க வையின்றேன்.

நேரு வீதியில பழைய ஜெயில் இருந்த எடத்துலதான் இப்ப வண்டிய நிறுத்திட்டு சாமான் வாங்கப் போற. அந்த எடம் திருந்தி கார் பார்க்கிங் ஆவலாம், அங்க இருந்த மனுசன் மட்டும் திருந்தக் கூடாதா?

கத ஒண்ணு சொல்றேன், கேளு. ஒரு ரொட்டி திருடி, ஜெயிலுக்குப் போயி, வெளிய வந்த ஜீன் வால்ஜீன் கதைய விக்டர் ஹியூகோ எழுதினாரு. அதத் தமிழுக்குக் கொண்டாந்தவரு சுத்தானந்த பாரதியார். நம்ம ஊரு ஆசிரமத்துலதான் வருஷக்கணக்கா பேசாத விரதம் இருந்தாரு. வாயத் தெறக்காதவரு எழுதின 'ஏழை படும் பாடு', 1950-ல சினிமாவாவும் வந்துது. நாகையா கைதியா நடிச்சாரு. அவன விடாமத் தொரத்தற ஜாவர் இன்ஸ்பெக்டரா நடிச்ச சீதாராமனுக்கு கடைசி வரைக்கும் ஜாவர் சீதாராமன்னே பேரு நெலச்சிட்டுது. ஒரு படத்துல போட்ட வேஷமே அவர வுடலயே, நெசமாவே ஜெயிலுக்குப் போனவன ஊரு வுடுமா?

அந்த வால்ஜீன் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கான்டா. டெல்லி போலீசுல ஏட்டு வேலைக்கு ஒருத்தர் மனு போட்டாரு. இருவது வயசு வாக்குல ஒரு அடிதடி கேஸு இருந்தத மனுவுல எழுதாம வுட்டுட்டாரு. கெடைக்க இருந்த வேலை போச்சி. 2011-ல கட்ஜு ஜட்ஜு இந்த வால்ஜீன் கதையச் சொல்லி, வயசுப் பசங்க பண்ற தப்ப மன்னிக்கலாம்னு அவரு பக்கம் தீர்ப்பு சொன்னாரு. மறச்சவனுக்கே அந்த மரியாதை. ஒங்கிட்ட வந்தவன் மறைக்கவே இல்ல.

இன்னொண்ணு. ஜெயிலுக்குப் போனாலே குத்தவாளின்னு நெனைக்கறியே, 2022 கணக்குப்படி நாட்டுல ஜெயில்ல இருக்கறவங்கள்ல நூத்துக்கு எழுவத்தஞ்சுக்கு மேல விசாரணைக் கைதிங்க. தீர்ப்பே வரல. நாளைக்கு கோர்ட்டு விடுதலைன்னு சொன்னாலும் கடைக்கார மாப்ள ஆயுள் தண்டனை குடுத்துடுவான்.

இங்கிலாந்துல டிம்ப்சன்னு ஒரு கம்பெனி. செருப்பு தைக்கறதும் சாவி வெட்டறதும்தான் தொழிலு. வேலைக்காரங்கள்ல பத்துல ஒருத்தர் ஜெயில்ல இருந்து வந்தவங்க. சிரிக்காத, அவங்க கையிலதான் ஊரு வீட்டுச் சாவியெல்லாம் வெட்டக் குடுக்கறான். அந்த ஆளுங்க நெலச்சி நின்னு வேல பாக்கறாங்கன்னு கம்பெனி சொல்லுது. அந்த மொதலாளி ஜேம்ஸ் டிம்ப்சனையே 2024-ல அந்த நாட்டு கவர்மெண்டு ஜெயில் மந்திரி ஆக்கிட்டுது. அவ்ளோ தூரம் ஏன் போவணும்? புழல்ல கைதிங்க பெட்ரோல் பங்க் நடத்தறாங்க, 2023-ல பொம்பளை கைதிங்களுக்குத் தனி பங்க்கே தெறந்தாச்சி. பெட்ரோலையே நம்பிக் குடுத்துருக்கான் சர்க்காரு. நீ மைதா மாவுக்குப் பயப்படறே.

ஒங்க சொல்தா தாத்தா பிரெஞ்சு பட்டாளத்துப் பென்ஷன் வாங்கினவரு. அந்த நாட்டுச் சட்டத்துல, ஒரு வருஷத்துக்கு மேற்படாத ஒத்தத் தண்டனைய முடிச்சிட்டு அஞ்சு வருஷம் ஒழுங்கா இருந்தா, சட்டமே தானா மறுவாழ்வு குடுத்துடும். நம்ம நாட்டுல பதினெட்டு வயசுக்குள்ள தப்பு பண்ணவனுக்கு அந்த வழி இருக்கு. பெரியவனுக்குப் பொதுவா அப்படி ஒண்ணும் கெடையாது. அவனுக்கு மொத வேல குடுக்கற கடைக்காரன்தான் சட்டம்.

கண்ண மூடிக்கிட்டு எடுக்கச் சொல்லலடா. நான் பாகூர்க்காரன், மாடு வாங்கினாக்கூட பல்லப் பாத்துட்டுத்தான் வாங்குவேன். என்ன கேஸு, எப்ப நடந்துது, அதுக்கப்புறம் என்னா பண்ணிக்கிட்டு இருந்தான்னு நேருக்கு நேரா கேளு. கள்ள நோட்டு கேஸுன்னா கல்லாவுல வைக்காத, அடுப்புல வையி. பொம்பளைப் புள்ளைங்ககிட்ட வம்பு பண்ண கேஸுன்னா, நாலு பொண்ணுங்க வேல பாக்கற ஒன் கடைக்கு வாணாம்னு நானே சொல்லுவேன். அடிதடின்னா, யாரு எதுக்கு அடிச்சாங்கன்னு கேட்டுக்க. பாதி நாளு நீயே எவனையாவது அடிக்கணும்னுதான் திரியறே.

எடுத்தேன்னா முழுசா எடு. அவன் கதைய கடையில வேற எவன் காதுலயும் போடாத. கல்லாவுல அம்பது ரூவா கொறைஞ்சா மொதல்ல அவன் மூஞ்சியப் பாக்காத. ஒன் பையன் பாக்கெட்டப் பாரு. மூணு மாசம் பாத்துட்டு சரிப்படலைன்னா மத்தவன அனுப்பற மாதிரி அனுப்பு. ஜெயில்ல இருந்தவன்னு சொல்லி அனுப்பாத.

போக்கிடம் இல்லாதவன்தானே, கம்மியாக் குடுத்தாப் போதும்னு ஒரு கணக்கு ஒன் மண்டையில இந்நேரம் ஓடும், எனக்குத் தெரியும். வால்ஜீனும் வெளிய வந்த மொத வேலையில நாளு பூரா மூட்டை எறக்கினான். மத்தவனுக்குக் குடுத்த கூலி அவனுக்குக் கெடைக்கல, ஜெயில்ல இருந்து வந்தவன்னு தெரிஞ்சி மொதலாளி கொறைச்சிட்டான். அந்த வேலைய நீ பண்ணாத. மத்தவனுக்கு என்னா கூலியோ அவனுக்கும் அதே கூலி, அதே தேதியில கையில குடுத்துடு.