பயில்வான் ஆகிவிடுவோமோ!

"மாஸ்டர், நெஞ்சு கொஞ்சம் ஷேப்பா இருந்தா போதும், அர்னால்டு மாதிரி ஆயிடக் கூடாது" என்று ஜிம்மில் சேரும் அன்றே சிலர் கண்டிஷன் போடுகிறார்கள். கவுன்சிலர் சீட்டுக்கு மனுப்போடும்போதே, முதல்வர் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது போல. 1970 முதல் 1980 வரை ஏழு முறை மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வாங்க, அர்னால்டு வருடக்கணக்கில் இரும்போடு மல்லுக்கட்டினார். நம்மவரோ பத்துத் தண்டால் எடுத்ததும் கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று, சட்டை இறுகுகிறதா என்று கவலையோடு பார்க்கிறார். இறுகத்தான் செய்கிறது, தொப்புளுக்கு மேலே உள்ள பொத்தானில். தண்டால் நெஞ்சுத் தசையை உறுதியாக்கும். மேலே போர்த்திய கொழுப்பை மட்டும் தேடிப் பிடித்துக் கரைக்காது. அதற்கு ராத்திரி பரோட்டாவோடுதான் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும். அது ஏற்கெனவே சால்னாவோடு கூட்டணி.